பிஸ்மி சொல்லாமல் அறுத்த ஆடு

மாம்பழக் காலம் முடிகிற சமயத்தில் பாலக்காட்டு முதலமடைப் பக்கம் காற்றே கொஞ்சம் போதையில் இருக்கும். லாரி ஏறாத பழங்கள் தோப்புக்குள்ளேயே விழுந்து அழுகி, அந்தப் புளித்த இனிப்பு வாசம் கடைத்தெரு வரைக்கும் வந்து நிற்கும். அதோடு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் சேர்ந்துகொண்டால் ஊரில் யாருக்கும் முழுத் தூக்கமும் கிடையாது, முழு விழிப்பும் கிடையாது. தெற்கே நெல்லியாம்பதி மலையில் வெள்ளை வெள்ளையாக அருவிகள் தொங்கும். இத்தனை தூரத்துக்குச் சத்தம் வராது. விழுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கறிக்கடை ஜாகிர் அன்று விடிகாலையில் அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால், கடைக்குள், உரித்த ஆடு ஒன்று கொக்கியில் தொங்கியது.

ஜாகிருக்கு ஐம்பது நெருங்குகிறது. அந்தக் கடைத்தெருவில் ஆட்டுக்கறி என்றால் அவன் கடைதான். கடை அவனுடைய மாமனார் வைத்தது. தொழிலும் அவர் கற்றுக்கொடுத்ததுதான். ஊரில் ஜாகிரைப் பற்றிப் பேச்சு வந்தால், தராசில் கை வைக்க மாட்டான், ஆட்டை நோகவிட மாட்டான் என்பார்கள். ஒரு ஆடு பார்க்க இன்னொன்றை அறுக்க மாட்டான். கத்தியை அதன் கண்ணில் காட்ட மாட்டான். தண்ணீர் குடிக்கவிட்டு, கழுத்தைத் தடவிக்கொடுத்து, இடப்பக்கமாகச் சாய்த்து, முகத்தை மேற்கே திருப்பி, 'பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்' என்று சொல்லி ஒரே இழுப்பு. அவ்வளவுதான். அவன் கையில் போகிற ஆடு கொடுத்து வைத்தது என்று கேலியாகவும் சொல்வார்கள், மெய்யாகவும் சொல்வார்கள்.

அன்றைக்கும் எல்லாம் அதே முறைப்படிதான் நடந்தது. வார்த்தை மட்டும் வரவில்லை. மறதி இல்லை. நாக்கு நுனிவரை பிஸ்மி வந்தது அவனுக்குத் தெரிந்தது. அது அங்கேயே நின்றுவிட்டது. அவனும் அதைத் தள்ளவில்லை. கை மட்டும் தன் வேலையைச் செய்துவிட்டது. மறந்துபோய் விட்டுவிட்டால் குற்றமில்லை, தெரிந்தே விட்டால் அந்தக் கறி ஆகாது என்பது ராவுத்தர் வீடுகளில் மதரஸா போகிற பிள்ளைக்கும் தெரியும். ஜாகிர் கத்தியைக் கழுவினான். தோலை உரித்தான். ஆட்டைக் கொக்கியில் மாட்டினான். பிறகு கடையைத் திறக்காமல் பின்வாசலில் போய் நின்றுகொண்டான். பயம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. சாரலில் நனைந்துகொண்டு அரைத்தூக்கத்தில் நிற்பது போல உடம்பு லேசாக இருந்தது. அப்படி லேசாக இருந்ததுதான் அவனைக் கலக்கியது.

வெளிச்சம் வந்த பிறகு காளிச்சாமி வந்தார். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் காட்டுக்காரர். தென்னையும் சோளமும் போக, ஆடு வளர்த்து ஜாகிர் கடைக்குக் கொண்டுவருவது வெகுநாள் வழக்கம். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குவதால் குர்பானிக்குத் தோதான கடாக்களாகப் பார்த்து ஆட்டோவில் ஏற்றி வந்திருந்தார். கொம்பு உடையாதது, காது கிழியாதது, பல் போட்டது என்று ஒவ்வொன்றின் வாயையும் திறந்து காட்ட ஆரம்பித்தவர், கொக்கியைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"இதை நீங்க எடுத்துட்டுப் போயிருங்க" என்றான் ஜாகிர்.

"ஏனுங் பாய், கெட்டுப் போச்சுங்களா?"

"கெடலைங்க. இப்பத்தான் அறுத்தது. எங்காளுகளுக்கு ஆகாது. உங்களுக்கு ஆகும்."

"நம்ம கொண்டாந்த ஆடுதானுங்களே. அதுல என்னங் கோளாறு?"

"ஆட்டுல கோளாறு இல்லைங்க."

காளிச்சாமி தோண்டித் துருவிக் கேட்கிற மனுஷர் இல்லை. ஆனால் சட்டென்று கிளம்பவும் இல்லை. மழை கொஞ்சம் வலுத்தது. ஆட்டோவுக்குள் கடாக்கள் ஒன்றின் முதுகில் ஒன்று தாடையை வைத்துக் கண்மூடி நின்றன. ஜாகிர் திடீரென்று, உங்கள் கோயிலில் கடா வெட்டுகிறபோது எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டான். எத்தனையோ வருஷப் பழக்கத்தில் கேட்காத கேள்வி. காளிச்சாமி ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மஞ்சத்தண்ணி தெளிப்போமுங்க. கெடாய் தலையச் சிலுப்புச்சுன்னா சாமி உத்தரவு குடுத்தாச்சுன்னு அர்த்தம். காதுல தண்ணி போனா எந்த ஆடுங்க சிலுப்பாது? எனக்கும் தெரியும், பூசாரிக்கும் தெரியும், வெட்டறவனுக்கும் தெரியும். ஒருக்கா ஒரு கெடாய் சிலுப்பவே மாட்டேன்னுருச்சு. வெயில் ஏறிப் போச்சு. எல்லாத்துக்கும் பசி. ஒருத்தன்கூட வெட்டுன்னு சொல்லலீங்களே. குடங் குடமா ஊத்திக்கிட்டு நின்னோம்."

"தெரிஞ்சும் எதுக்குங்க நின்னீங்க?"

"அதென்னமோ போங்க. நிக்காம எப்படி வெட்டறது?"

அந்தப் பதில் ஜாகிருக்குப் பிடித்திருந்தது. ஆனால் உதவவில்லை. அவர்கள் எல்லோரும் சேர்ந்து தெரிந்துகொண்டு, சேர்ந்து நின்றார்கள். தன்னுடையது தனக்கு மட்டுமே தெரிந்த விஷயம் என்று நினைத்தான். கடாக்களைப் பின்கட்டில் இறக்கிக் கட்டிவிட்டு, அறுத்த ஆட்டைத் தார்ப்பாயில் சுற்றி ஏற்றிவிட்டான். காசு வாங்க மாட்டேன் என்றதும் காளிச்சாமிக்குச் சங்கடமாகப் போய்விட்டது. வண்டி கிளம்பின பிறகும் அவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

விஷயம் வெளிவந்தது அந்த நன்றியால்தான். மறுநாள் முற்பகல் காளிச்சாமியின் மனைவி சுப்பாத்தாள், ஜாகிரின் மனைவி ஐசும்மாவுக்குப் போன் செய்தாள். ஏனுங் அம்மிணி, உங்க ஊட்ல என்னங் விசேஷம், முழு ஆட்டையும் சும்மா குடுத்துட்டாரே, மகள் மௌனிகா வீட்டுக்கும் பங்கு அனுப்பினோம், கறி பூவாட்டம் இருந்துச்சு என்று ஒரே பாராட்டு. ஐசும்மா ஒன்றும் தெரியாமலே ஆமாங்க, சும்மாதாங்க என்று சமாளித்துவிட்டுப் போனை வைத்தாள். முந்தின நாள் கடை திறக்காததற்கு ஜாகிர் அவளிடம் சொன்ன காரணம் வேறு. வந்த ஆட்டுக்குச் சீக்கு என்று சொல்லியிருந்தான்.

ஐசும்மா மாமனார் மகள், அதாவது அந்தக் கடையை வைத்தவரின் மகள். கறிக்கடையில் வளர்ந்தவளுக்குச் சீக்கு ஆடு எது, நல்ல ஆடு எது என்று தெரியாமலா போகும்? சீக்கு ஆட்டைக் காளிச்சாமி வீட்டுக்குத் தின்னக் கொடுக்கிற ஆள் தன் புருஷன் இல்லை என்பதும் தெரியும். மத்தியானம் அவன் சாப்பிட வந்தபோது சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள். மகள் நஜ்லா கல்யாணத் துணி எடுக்கப் பாலக்காட்டுக்குப் போயிருந்தாள். மழை ஓட்டின்மேல் ஒரே மாதிரி பெய்துகொண்டிருந்தது. வாசல் இருட்டி, மத்தியானமா மாலையா என்றே சொல்ல முடியாத வெளிச்சம்.

"என்னங்க அந்த ஆட்டுக்கு?"

ஜாகிர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சொல்லாமல் எழுந்து போயிருக்கலாம். எத்தனையோ நாள் அப்படித்தான் எழுந்து போயிருக்கிறான். அன்றைக்கு என்னவோ அந்த மழைச்சத்தத்துக்குள் பேசினால் பேசின மாதிரியே இருக்காது என்று தோன்றியது.

"பிஸ்மி சொல்லலை" என்றான்.

"மறந்துட்டீங்களா?"

"மறக்கலை."

ஐசும்மா குழம்புச் சட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"கொரோனாவுல பள்ளிவாசல் பூட்டிக் கிடந்துச்சே, ஐசு. திறந்த அன்னிக்கு எல்லாரும் அழுதாங்க. அலியாரண்ணன் ஸஜ்தாவுல தரையில நெத்திய வெச்சவரு எந்திரிக்கவே இல்லை. எனக்கு ஒன்னுமே தோணலை. இத்தனை மாசம் எனக்கு ஒன்னும் குறையலையேன்னு அப்பத்தான் பட்டுச்சு. அப்புறம் சரியாயிரும், சரியாயிரும்னு பாத்தேன். நான் கூப்பிடறேன். அந்தப் பக்கம் யாரும் எடுக்கலைன்னா பரவால்ல. அப்படி ஒரு நம்பரே இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"அப்ப இருந்தேவா?"

"அப்ப இருந்தே."

"அப்ப நான் இத்தனை வருசமா ஆக்கினது, நஜ்லாவுக்குப் போட்டது?"

"வாய் சொல்லுச்சு. பிஸ்மி சொல்லித்தான் அறுத்தேன்."

"வாய் சொன்னாப் போதுமா?"

"அதான் எனக்கும் தெரியலை." அவன் கையைத் தட்டிலேயே கழுவினான். "பொய்யுன்னா, நான் சொன்னாலும் சொல்லாட்டியும் யாருக்கு என்ன நட்டம்னு நினைச்சுப் பாத்தேன். ஆனா காசு குடுக்கறவன் அதை நம்பித்தானே வாங்கறான்? என் வாயில இல்லாததை அவனுக்குக் கட்டிக் குடுக்கறேன். எடையில கை வெச்ச மாதிரி இருக்கு. பெருநாளைக்கு ஊர்ல பாதி வீட்டு குர்பானிய நான்தான் அறுக்கோணும். எப்படி அறுப்பேன், சொல்லு?"

ஐசும்மாவுக்கு முதலில் வந்தது பயம்தான். இறைநம்பிக்கையான ஈமான் போனால் நிக்காஹ்வும் முறிந்துபோகும் என்று எங்கேயோ மார்க்கப் பயானில் கேட்டது ஞாபகம் வந்தது. எதிரில் உட்கார்ந்திருப்பவன் தனக்கு யார் என்று ஒரு நிமிஷம் தெரியாமல் போனது. பிறகுதான் கோபம் வந்தது. மனசில் இத்தனை பெரிய குழியை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறானே என்ற கோபம்.

"நீங்க நம்பறதும் நம்பாததும் உங்களுக்கும் அல்லாவுக்கும் நடுவுல" என்றாள். "கறி அப்படி இல்லைங்க. அது உங்களுக்கும் எனக்கும் நடுவுல. என்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கோணும்."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஐசும்மாவின் கோபம் சத்தம் போடாது. மறுநாளிலிருந்து வீட்டில் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, பரங்கிக்காய்க் கூட்டு, முருங்கைக்கீரை என்று வரிசையாக வந்தது. கறிக்கடைக்காரர் வீட்டில் தாளிச்சாவில்கூட எலும்பு கிடையாது. நஜ்லா தட்டையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்து, யாருக்காவது நேர்ச்சையா என்று கேட்டாள். ஆமாம், நேர்ச்சைதான் என்றாள் ஐசும்மா. படுக்கையையும் நஜ்லாவின் அறைக்கு மாற்றிக்கொண்டாள். கல்யாணப் பெண்ணோடு இருக்கிற கொஞ்ச நாளாவது சேர்ந்து படுக்கிறேனே என்று ஒரு காரணம் சொன்னாள். அதுவும் பொய் இல்லை.

ஜாகிர் கடையைத் திறக்கவே இல்லை. மழைக்கு ஆடு வரவில்லை என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தான். அந்த அட்டைப் பொய்யும் அவனை உறுத்தியது. பகலெல்லாம் மூடின கடைக்குள் கறி வெட்டுகிற புளியங்கட்டைமேல் கையை ஊன்றி உட்கார்ந்திருப்பான். கூரையில் மழை. பலகை இடுக்கு வழியாகத் தெரு ஒரு கோடாகத் தெரியும். குடைகள் போகும், வரும். பாங்கு கேட்டால் அவனையறியாமல் எழுந்து கை கால் கழுவிவிடுவான். கழுவின பிறகு, இது எதற்கு என்று நிற்பான். பிறகு பள்ளிக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்று தொழுதுவிட்டு வருவான். போகாமல் இருந்தாலும் ஒரு மாதிரி, போய்விட்டு வந்தாலும் ஒரு மாதிரி.

அலியார் அப்போதுதான் வந்தார். பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர். பள்ளியை நடத்துகிற மகல்லுக் கமிட்டிக்குச் செயலாளர். இதெல்லாவற்றையும்விடப் பெரிய உறவு, அவருடைய மகன் நஜீமுக்குத்தான் நஜ்லாவைப் பேசி முடித்திருக்கிறது. பெருநாள் கழிந்து நிக்காஹ். பலகையைத் தட்டி, உடம்புக்கு என்ன ஜாகிரே என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொன்னதை நம்பாமல் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பெருநாளுக்கு எப்போதும்போல முதல் அறுப்பு தன் வீட்டில்தான், தொழுகை முடிந்ததும் நேராக வந்துவிடு, சம்பந்தியான பிறகு சுணங்கக் கூடாது என்று சிரித்துவிட்டுப் போனார். ஜாகிர் பலகையைத் திரும்பச் சாத்திக்கொண்டான். சொன்னால் மகள் கல்யாணம் நின்றுபோகும். சொல்லாவிட்டால் அந்த மனுஷனுடைய குர்பானி போகும், அதுவும் அவருக்குத் தெரியாமலே போகும். பொள்ளாச்சிக்கோ வேறெங்கோ போய்ப் பெருநாள் கழித்து வந்துவிடலாமா என்றுகூட யோசித்தான்.

ஐசும்மா சும்மா இருக்கவில்லை. வியாழக்கிழமைகளில் பெண்களுக்கு ஓதிக்கொடுக்கிற அன்சிலா என்ற ஆலிமாவிடம் போனாள். யாரோ கேட்கச் சொன்ன மாதிரி, அறுக்கிறவருக்கு முடியாமல் இருந்தால் பக்கத்தில் நிற்கிறவர் பிஸ்மி சொல்லலாமா என்று கேட்டாள். ஆகாது, கத்தி பிடித்த ஆளே சொல்ல வேண்டும், இரண்டு பேர் பிடித்தால் இரண்டு பேரும் சொல்ல வேண்டும் என்றாள் அன்சிலா. அப்படியானால் பெண் அறுக்கலாமா? தாராளமாக, நம் பக்கத்தில்தான் வழக்கமில்லை, மார்க்கத்தில் தடையில்லை என்றாள். நிக்காஹ் பற்றியும் கேட்க வேண்டும் என்றுதான் ஐசும்மா போயிருந்தாள். அதைக் கேட்க அவளுக்குத் துணிவில்லை. கேட்காமலே மழையில் நடந்து வந்தாள். அழுகின மாம்பழ வாசத்தில் தலை கிறுகிறுத்தது. வழி நெடுக, எதிரில் வந்தவர்கள் எல்லோரும் தண்ணீருக்கடியில் நடப்பவர்களாகத் தெரிந்தார்கள்.

பெருநாளுக்குச் சில நாள் இருக்கையில், விடிகாலை சுபுஹு தொழுத கையோடு ஜாகிரை எழுப்பினாள்.

"கடைக்குப் போலாம், வாங்க."

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. இருவரும் ஒரே குடையில் நடந்தார்கள். ஊர் இன்னும் விழிக்கவில்லை. இரவெல்லாம் பெய்து ஓய்ந்த மழையின் மிச்சம் இலைகளில் சொட்டியது. மலையை மேகம் மூடியிருந்தது. அருவிகள் மட்டும் மேகத்துக்குக் கீழே எதிலிருந்தோ புறப்பட்டுத் தனியாகத் தொங்கின. நடப்பது கனவில் நடப்பது போலிருந்தது ஜாகிருக்கு. கல்யாணமான புதிதில் அவள் அத்தாவுக்குச் சாயா கொடுக்க இப்படித்தான் இருவரும் போவார்கள்.

பின்கட்டில் காளிச்சாமி விட்டுப்போன கடாக்களில் ஒன்றை ஐசும்மா அவிழ்த்தாள். தண்ணீர் காட்டினாள். அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே கேட்டாள்.

"இல்லைன்னு சொல்றீங்களா? இல்ல, தெரியலைன்னு சொல்றீங்களா?"

ஜாகிர் யோசித்தான். அவளுக்கு வேண்டிய பதில் எது என்று தெரிந்தது. அதற்காக அதைச் சொல்லக் கூடாது என்றும் தோன்றியது. ஆகவே உள்ளே போய்த் தேடிப் பார்ப்பது போல நேரம் எடுத்துக்கொண்டான்.

"தெரியலை" என்றான். "இல்லைன்னு சொல்றதுக்கும் எனக்குத் தெரியலை."

"நாளைக்கு?"

"நாளைக்கு என்ன சொல்லுவேன்னும் தெரியலை, ஐசு."

ஐசும்மா பெருமூச்சு விட்டாள். "தெரியலைன்னு சொல்றவரோட நான் இருக்கலாம்" என்றாள். "நாளைக்கு வேற தோணுச்சுன்னா என்கிட்டத்தான் முதல்ல சொல்லோணும். வேற யார்கிட்டயும் இல்லை. இப்பக் காலைப் பிடிங்க."

பர்தாவின் கையை முழங்கை வரைக்கும் மடித்துக்கொண்டாள். கடை வைத்த அவள் அத்தாவுக்குத் தோள் பிசகின வருஷம் அவள்தான் பின்கட்டில் அறுத்தாள் என்று அவன் கேள்விப்பட்டிருக்கிறான். யாருக்கும் சொல்லாமல் மறைத்த விஷயம். ஆடு மேற்குப் பார்த்துப் படுத்திருந்தது. அவள் கத்தியை அதன் கண்ணில் படாமல் மறைத்துப் பிடித்தாள். பிறகு அவள் சொன்னாள். சத்தமாகக்கூட இல்லை. தெரிந்த ஒருவரைக் கதவடியில் நின்று கூப்பிடுகிற குரல். உள்ளே ஆள் இருக்கிறது என்ற நிச்சயம் அதில் இருந்தது. ஆட்டின் கால்களைப் பிடித்திருந்த ஜாகிருக்குப் பொறாமையாக இருந்தது. ரத்தம் மழைத்தண்ணீரோடு கலந்து வாய்க்காலில் ஓடி முடிகிற வரையில் பொறாமையாகவே இருந்தது. பிறகு, இவளுக்காவது இருக்கிறதே என்று தோன்றி மனசு இளகியது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்க்காத மாதிரி கத்தியைக் கழுவினாள்.

அன்று கடை திறந்தது. அட்டையைக் கழற்றிவிட்டான். வெட்டுவதும் நிறுப்பதும் ஜாகிர்தான். பின்கட்டில் ஊர் விழிக்குமுன் நடந்தது வாங்க வந்தவர்களுக்குத் தெரியாது. பெருநாளன்று அப்படி முடியாது. அறுப்பு ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் ஊர் பார்க்க நடக்கும். உங்கள் கையில் கட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், கத்தி பட்டுவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றாள் ஐசும்மா. துணியைக்கூடக் கிழித்து வைத்திருந்தாள். ஜாகிர் கையை நீட்டவில்லை. கைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றான். அவள் கொஞ்ச நேரம் அவனை முறைத்துவிட்டு, இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று துணியை மடித்து வைத்தாள்.

பெருநாள் தொழுகைக்கு ஜாகிர் போனான். புதுச்சட்டை போட்டுக்கொண்டு எல்லோரையும் கட்டித் தழுவினான். தக்பீர் முழக்கம் மழையோடு சேர்ந்து பள்ளிக் கூரையை நிறைத்தது. அந்த ஓசை அவனுக்குப் பிடித்தே இருந்தது. அதற்கப்பால் யாராவது இருக்கிறார்களா என்று அன்றைக்கு அவன் தேடவில்லை. ஓசைக்குள்ளேயே நின்றான். பிறகு அலியார் வீட்டுக்குப் போனான்.

முற்றத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். கடாவைப் பிடித்துக்கொண்டு நஜீம் நின்றான். அக்கம்பக்கத்து ஆண்கள், வாசற்படியில் பெண்கள். ஐசும்மா கத்தியை எடுத்துக்கொண்டு அலியார் முன்னால் வந்ததும் பேச்சு நின்றது.

"மாமா, இவருக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்லை. மனசு சரியில்லாம அறுக்கக் கூடாது. நான் அறுக்கறேன். அன்சிலா ஆலிமாகிட்டக் கேட்டுட்டேன், ஆகும்னாங்க."

யாரோ பின்னாலிருந்து, பொம்பளை அறுக்கிறதா, பள்ளி ஹஜ்ரத்துக்கு ஒரு போன் போடுங்கள் என்றார்கள். போட்டார்கள். ஆகும் என்றே அவரும் சொன்னார். அதோடு பேச்சு முடியவில்லை. எல்லோர் கண்ணும் ஜாகிர் மேல் இருந்தது. கையும் காலும் நன்றாக இருக்கிற ஆளுக்கு மனசில் என்ன என்று அவர்கள் கேட்காமலே கேட்டார்கள். ஜாகிர் தலையைக் குனியவில்லை. அலியார் கேட்டால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். கத்தியோடு நின்ற ஐசும்மா, வேண்டாம் என்று கண்ணால் சொன்னதும் தெரிந்தது. அலியார் அவனருகில் வந்தார். வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

"ஆட்டுக்குச் சொந்தக்காரன் தன் கையால அறுக்கறதுதான் முறை, ஜாகிரு. எனக்கு ரத்தம் பாத்தாத் தலை சுத்தும். அதனால உன்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். ஏன் அறுக்கலைன்னு நீ ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. நானும் உன்னைக் கேக்கலை."

சொல்லிவிட்டுக் கடாவின் தலைப்பக்கம் போய், வழக்கம்போல முகத்தைத் திருப்பி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அறு ஐசு" என்றார். ஜாகிர் கால்களைப் பிடித்துக்கொண்டான்.

அதற்கப்புறம் வீடு வீடாகப் போனார்கள். ஒரு வீட்டில் முகத்தைச் சுளித்தார்கள், பக்கத்துப் புதுநகரத்திலிருந்து அறுக்க ஆள் வருகிறது என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வீட்டில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு கையைத் தொட்டுப் பார்த்தார்கள். மழை விடுவதும் பிடிப்பதுமாக இருந்தது. கடாக்களின் ஈர மயிர் வாசம், தக்பீர், சிந்தின ரத்தத்தின்மேல் தண்ணீர் ஊற்றும் சத்தம், எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, எந்த வீட்டில் இருக்கிறோம் என்பதே ஜாகிருக்கு மறந்துபோனது. பிடிப்பான், அவள் சொல்வாள், விடுவான். தன் சொந்தக் கடாவுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அதையும் அவள்தான் அறுத்தாள்.

நஜ்லா தோழிகளோடு பெருநாள் பார்க்கப் போயிருந்தாள். ஐசும்மா குளித்து வேறு சேலை கட்டிக்கொண்டு, முதல் வேலையாக ஈரலை மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுப் பிரட்டினாள். வீடு முழுக்கக் கறி மணத்தது. ஒரே தட்டில் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். கைகள் ஓய்ந்துபோய் மடியில் கிடந்தன. மழை நின்றிருந்தது. ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"காலையில நஜ்லா உங்களுக்கு இடியாப்பம் எடுத்து வெச்சாளே?" என்றாள்.

"வெச்சா."

"மூடி வெச்சது அப்படியே இருக்கு."

ஜாகிர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"குர்பானிக் கறி தின்ற வரைக்கும் வாயில ஒன்னும் வெக்காம இருக்கறது நம்பறவங்க வழக்கம். நீங்க எதுக்குங்க இந்நேரம் வரைக்கும் பட்டினி கிடந்தீங்க?"

அவன் தட்டைக் கொஞ்சம் அவள் பக்கமாக நகர்த்தினான்.

"நீ காலையில இருந்து சாப்பிடலையே" என்றான்.